சென்னையில் பொதுச்சுவர் ஓவியங்கள்: வரைவதும் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கத்தினர், பள்ளி ஆசிரியர்கள், இப்போதுதான் தூரிகையோடு தெருவுக்கு வந்திருக்கும் இளம் ஓவியர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு சுவரோவியத்தின் ஆயுள் பெரும்பாலும் முதல் வண்ணம் விழுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் சுவரையும் அனுமதிக் கடிதத்தையும் பற்றிய பதில்கள் நீளமாகவும், வரையும் முறை பற்றிய பதில்கள் சுருக்கமாகவும் இருக்கும்.

சுவர் விளம்பரத்துக்கும் சுவரோவியத்துக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் பெயின்ட்தானே?

பொருள் ஒன்றுதான், நோக்கம் வேறு. விளம்பரம் ஒரு பொருளையோ கட்சியையோ முன்னிறுத்துகிறது. சுவரோவியம் அந்த இடத்தில் வாழ்கிறவர்களும் கடந்துபோகிறவர்களும் பார்ப்பதற்காக வரையப்படுகிறது. சட்டத்தின் பார்வையிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. திறந்த இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியின்றி எழுதப்படும் எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் பிடிக்குள் வர வாய்ப்புண்டு.

2009, 2010 வாக்கில் அண்ணா சாலை போன்ற முக்கியச் சாலைகளில் சுவரொட்டிகளை ஒழிப்பதற்காகவே மாநகராட்சி சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் வேலையிழந்திருந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அது ஓரளவு கைகொடுத்தது. சென்னையின் பொதுச்சுவர் ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டு ஓவியர்களிலிருந்து தொடங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்க தெருமுனைச் சுவர்ல வரையணும். யார்கிட்ட பெர்மிஷன் வாங்கணும்?

முதலில் அந்தச் சுவர் யாருடையது என்று கண்டறிய வேண்டும். பாதி முயற்சிகள் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, சமுதாயக்கூடம் போன்றவற்றின் சுவர்களுக்கு மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மேம்பாலங்களில் சில மாநகராட்சியுடையவை, சில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தூணைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் சுவர் வரையப்பட்டபோது ரயில்வேயின் இசைவு தேவைப்பட்டது. வாரியக் குடியிருப்பு என்றால், முன்பு குடிசை மாற்று வாரியம் என்று இருந்து 2021-இல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தை அணுக வேண்டும்.

விண்ணப்பத்தோடு சுவரின் தற்போதைய நிழற்படம், நீள அகலம், வரையப்போகும் படத்தின் வண்ண மாதிரி, வேலை நடக்கும் நாட்கள், பராமரிப்புக்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். கடைசிக் குறிப்பைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. ஆனால் அதிகாரி ஒருவர் கையெழுத்திடத் தயங்குவது பெரும்பாலும் அதை நினைத்துத்தான். சாரமோ கிரேனோ நடைபாதையையும் சாலையையும் மறிக்குமானால் போக்குவரத்துக் காவல் துறைக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

தனியார் வீட்டுச் சுவர்தான், ஓனரே வாய்விட்டு சரின்னுட்டார். அப்புறம் எதுக்குக் கடிதம்?

வாய்ச்சொல் அந்த உரிமையாளரோடு முடிந்துவிடும். வீடு கைமாறினாலோ, பிள்ளைகளுக்குப் பாகம் பிரிந்தாலோ, புதிதாக வருகிறவருக்கு அந்தப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் வெள்ளையடித்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு பக்கக் கடிதமாவது எழுதிக்கொள்ளுங்கள்: படம் குறைந்தது எத்தனை ஆண்டு இருக்கும், சுவரைப் பழுதுபார்க்க நேர்ந்தால் ஓவியருக்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், கழுவுவதற்கும் திருத்துவதற்கும் சுவரை அணுக அனுமதி உண்டா, வீடு விற்கப்பட்டால் புதிய உரிமையாளருக்கு இதைத் தெரிவிப்பது யார் என்பவை அதில் இருக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2013-இல் கொண்டுவந்த விதிப்படி, பதிவு செய்யப்பட்ட சுவரோவியம் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மாற்றமின்றி இருக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு பதிவேடு இல்லாத குறையை இந்தக் கடிதம் ஓரளவு ஈடுசெய்யும்.

எந்தச் சுவர் நல்ல சுவர்? பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். சுவரின் அடியிலிருந்து மூன்றடி உயரம் வரை கையை வைத்துப் பாருங்கள். வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருந்தால் தரையிலிருந்து ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறுகிறது என்று பொருள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பு நீரோடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும், உப்பு பின்னாலிருந்து அதைத் தள்ளி உரித்துவிடும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் காற்றே உப்பைக் கொண்டுவந்து படியவைப்பதால், வரைவதற்கு முன் சுவரை நல்ல தண்ணீரால் கழுவி முழுவதும் உலரவிட வேண்டும். பிறகு விரல் முட்டியால் பரவலாகத் தட்டிக் கேளுங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடங்களில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசாமல் மேலே போகக் கூடாது.

புதிய சிமென்ட் பூச்சு என்றால் 28 நாட்களாவது ஆறவிட வேண்டும். அதற்குள் வண்ணம் பூசினால் சிமென்ட்டின் காரம் சில நிறமிகளை வெளுக்கச் செய்யும். அடுத்து, சுவருக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உடைந்த மழைநீர்க் குழாய், ஏசியிலிருந்து சொட்டும் நீர், கைப்பிடிச் சுவரில் விரிசல் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் மழையிலேயே ஓவியத்தின்மேல் கறுப்புக் கோடு இறங்கிவிடும். கைப்பிடிச் சுவரின் உச்சியில் சரிவாக ஒரு பூச்சும் நீர் வழிய ஒரு விளிம்பும் அமைப்பதற்கு ஆகும் செலவு, ஓவியத்துக்கு நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது என்பேன்.

திசையும் ஒரு காரணம். தெற்கையும் மேற்கையும் பார்த்த சுவர்கள் கடும் வெயிலை வாங்குவதால் விரைவில் மங்கும். வடக்கைப் பார்த்த சுவரில் படம் நிலைக்கும், ஆனால் பாசி பிடிக்க வாய்ப்பு கூடுதல். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதற்கேற்ற வண்ணத் தேர்வு வேண்டும்.

எந்த மாசத்துல ஆரம்பிக்கலாம்?

பொங்கலுக்குப் பிறகு பங்குனி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் அதை நினைக்கவே வேண்டாம். மழை நின்றபின்னும் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். சித்திரை, வைகாசி வெயிலில் வண்ணம் சுவரில் பரவுவதற்கு முன்பே காய்ந்து பிடிப்பு குறையும். சாரத்தின்மேல் நிற்பவர்களின் உடல்நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன பெயின்ட் வாங்கறது? ஸ்ப்ரே கேன் போதுமா?

வெளிச்சுவருக்கென்றே தயாரிக்கப்படும் அக்ரிலிக் எமல்ஷன் பெரும்பாலான சிமென்ட் சுவர்களுக்குப் பொருந்தும். அதற்கு முன் காரத்தைத் தாங்கும் வெளிச்சுவர் ப்ரைமர் ஒரு பூச்சாவது தேவை. வீட்டுக்குள் அடிக்கும் டிஸ்டெம்பரையும் உட்சுவர்ப் புட்டியையும் மிச்சமிருக்கிறது என்பதற்காக வெளியே பயன்படுத்துவது பெரும் தவறு. மழையில் புட்டி ஊறி உப்பிவிடும். சமமான சுவரில் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் சுமார் 50 முதல் 60 சதுர அடிக்கு வரும் என்று கணக்கிடலாம். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். ஸ்ப்ரே கேன் நுணுக்கங்களுக்கும் நிழலுக்கும் சிறந்தது, பரந்த பரப்புக்கு உருளையும் தூரிகையும்தான்.

வண்ணம் வாங்கும்போது நிறமியைப் பற்றியும் கேளுங்கள். காவி, மஞ்சட்காவி, கறுப்பு போன்ற கனிம நிறமிகள் வெயிலை நன்றாகத் தாங்கும். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் பளிச்சென்ற மஞ்சளும் பெரும்பாலும் கரிம நிறமிகள் என்பதால் முதலில் வெளுப்பவை அவைதாம். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் எமல்ஷனே வேண்டாம். அது சுவரின் ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். அங்கே சுண்ணாம்பு வண்ணமோ, ஜெர்மனியில் 1878-இல் காப்புரிமை பெற்று இன்றும் புழங்கும் சிலிக்கேட் வண்ணமோ ஏற்றது.

சின்னத் தாள்ல இருக்கற படத்தை நாலு மாடிச் சுவருக்கு எப்படிக் கொண்டுபோறாங்க?

பேனர் ஓவியர்கள் காலங்காலமாகச் செய்ததைப்போலத் தாளிலும் சுவரிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்து வரையலாம். இரவில் ப்ரொஜெக்டர் கொண்டு கோடுகளை மட்டும் எடுப்பதும் உண்டு. சுவர் முழுதும் ஒழுங்கற்ற கிறுக்கல்களைப் போட்டு, அதை நிழற்படம் எடுத்து, கணினியில் அதன்மேல் ஓவியத்தைப் பொருத்தி, கிறுக்கல்களையே அடையாளமாகக் கொண்டு வரைவது இப்போது பரவலான முறை. எதுவாயினும் உயரத்தில் வேலை செய்பவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

தெரு ஜனங்களைக் கேட்டுத்தான் வரையணுமா? ஓவியர் இஷ்டத்துக்கு விட்டுட்டா நல்லா வராதா?

ஓவியத்தின் தரம் ஓவியரின் பொறுப்பு. அதில் கூட்டம் போட்டு வாக்கெடுப்பது படத்தைக் கெடுத்துவிடும். ஆனால் எதை வரைவது என்பதில் அங்கே வாழ்கிறவர்களின் குரல் இல்லையென்றால், அந்தப் படத்தைப் பிறகு யாரும் தம்முடையதாகக் கருதுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976-இல் தொடங்கிய நெடுஞ்சுவர் ஓவியம் ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் ஓரத்தில் ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு ஓடுகிறது. அந்த நகரத்தின் இளைஞர்களைப் பெருமளவில் கூட்டிச் சேர்த்து, பாடநூல்கள் விட்டுவிட்ட மக்களின் வரலாற்றை அவர் வரையச் செய்தார்.

இந்திரா நகர் நிலையத்தில் ஏ-கில் முதலிய ஓவியர்கள் வரைந்தது எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கானது. வரிசையாக முகங்கள், அவற்றில் தொற்றுடன் வாழ்பவர் யார், இல்லாதவர் யார் என்று பார்ப்பவரால் பிரித்துச் சொல்ல முடியாது. அறிவுரை வாசகம் எழுதிவைத்திருந்தால் இந்த ஆற்றல் வந்திருக்காது. மக்களின் செய்தியும் ஓவியரின் திறமும் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு நான் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

கண்ணகி நகர் மாதிரி இடத்துல குடிதண்ணியும் வேலையும் தேவை. அங்க போய்ப் படம் வரையறது கண்துடைப்பு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் அங்கே தூரிகை எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2000-ஆம் ஆண்டையொட்டி, நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்து அகற்றப்பட்டவர்களுக்காக உருவானது கண்ணகி நகர். பிழைப்பும் பள்ளியும் நகருக்குள்ளேயே இருக்க, குடும்பங்கள் மட்டும் வெகுதூரம் அனுப்பப்பட்டன. 2020-இல் பொதுச்சுவர் ஓவியங்களை ஏற்பாடு செய்யும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி ஆகியோர் சேர்ந்து அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை உருவாக்கினார்கள். அதற்குமுன் அந்த முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்டதாகக் குடியிருப்பவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓவியங்களுக்குப் பிறகு வெளியூரிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். ஒரு பகுதியின் பெயரோடு ஒட்டிய இழிவைக் குறைப்பதும் ஒரு தேவைதான்.

ஆனால் ஓவியம் தண்ணீருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் மாற்று ஆகாது. ஓவியத்துக்காக அதிகாரிகள் அங்கே வருகிற நாட்களில் அந்தக் கோரிக்கைகளும் அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். குழாய் ஒழுகும் சுவரில் ஓவியமும் நிற்காது என்பதால் இரண்டும் ஒரே வேலைத்திட்டத்தில் சேர்வதில் தடை ஒன்றுமில்லை. படத்தில் வரும் முகங்களின் உரியவர்களிடம் இசைவு பெறுவதும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கூலியோடு வேலை கொடுப்பதும் குறைந்தபட்ச மரியாதை.

ஒரு படம் எத்தனை வருஷம் நிக்கும்?

சுவர் பற்றிய பதிலில் சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால், நல்ல எமல்ஷன் ஓவியம் சென்னை வெயிலில் ஐந்தாறு ஆண்டுகள் தெளிவாக இருக்கும், பராமரித்தால் இன்னும் நீடிக்கும். அடித்தளம் சரியில்லையென்றால் ஒரே மழைக்காலம் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை முடிந்த தை மாதத்தில், சுவரை நேரில் பார்த்து நிழற்படம் எடுத்து, விரிசலையும் உரிதலையும் குறித்துவைப்பதுதான் பராமரிப்பின் முதல் படி. மொத்தச் செலவில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே இதற்கென ஒதுக்கிவைத்துவிட வேண்டும். திறப்பு விழா முடிந்தபின் யாரும் பணம் தருவதில்லை.

மேல போஸ்டர் ஒட்டிட்டாங்க, கட்சிக்காரங்க எழுதிட்டாங்க. சுரண்டி எடுக்கலாமா?

இரும்புத் தகட்டால் சுரண்டக் கூடாது. சுவரொட்டியை வெதுவெதுப்பான நீரால் நன்கு ஊறவைத்து, மர அல்லது பிளாஸ்டிக் தகட்டால் விளிம்பிலிருந்து மெல்லக் கிளப்ப வேண்டும். மிச்சமிருக்கும் பசையை மென்மையான பஞ்சால் துடைக்கலாம். எழுத்துக்குத் தின்னர் ஊற்றுவது அடியிலிருக்கும் அக்ரிலிக்கையும் கரைத்துவிடும். அதனால், கைக்கெட்டும் உயரம் வரையிலாவது, தேவைப்படும்போது நீக்கிவிட்டுத் திரும்பப் பூசக்கூடிய காப்புப் பூச்சைத் தொடக்கத்திலேயே போடுவது நல்லது. ஓதம் ஏறும் சுவரில் மட்டும் இந்தப் பூச்சு வேண்டாம், ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தேர்தல் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் பொது இடங்களில் உள்ள அரசியல் தலைவர்களின் படங்கள் மறைக்கப்படும் அல்லது அழிக்கப்படும். நீண்டகாலம் நிலைக்க வேண்டிய ஓவியத்தில் இதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

மங்கிப்போச்சு. மேலேயே புதுசாப் பூசிப் பளபளப்பாக்கிடலாமா?

ஓவியர் உயிரோடிருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவரே திருத்துவது ஒன்று, வேறொருவர் கைபோன போக்கில் பூசுவது முற்றிலும் வேறு. மங்கியதாகத் தெரிவது பல நேரங்களில் புகையும் தூசியும்தான். வீரியமில்லாத சோப்பு நீரால் ஒரு மூலையில் சோதித்துக் கழுவிப் பார்த்தாலே பாதி நிறம் திரும்பிவிடும். உண்மையிலேயே உதிர்ந்த இடங்களை மட்டும் நிரப்பி, மிச்சத்தைத் தொடாமல் விடுவது பழைய ஓவியங்களைக் காக்கும் வல்லுநர்களின் வழக்கம்.

மெக்சிக்க ஓவியர் சிக்கேரோஸ் 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் வரைந்த ‘அமெரிக்கா டிராபிக்கல்’ அதன் அரசியலுக்காகச் சில ஆண்டுகளிலேயே வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. பிற்காலத்தில் கலைப்படைப்புகளைக் காக்கும் ‘கெட்டி’ (Getty) நிறுவனம் அதை மீட்டபோது புதிதாக வண்ணம் தீட்டவில்லை. எஞ்சியதை நிலைப்படுத்தி, மேலே கூரை அமைத்து, 2012-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கையும் அழித்துவிடாமல் பகுதி பகுதியாகப் பெயர்த்துத் தனிப் பலகைகளில் ஏற்றினார்கள். அடியில் இருப்பதைச் சோதிக்காமல் பழைய சுவரில் புது ஓவியம் போட முனைபவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

சுவர் எங்களுது, காசும் நாங்க குடுத்தோம். அப்போ படம் எங்களுக்குச் சொந்தம்தானே?

பாதி சரி. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவருக்கே முதலில் சேரும். ஓவியர் கூலியின்றித் தாமாக வரைந்திருந்தால் அவருக்கே சேரும். வண்ணத்துக்கு மட்டும் காசு கொடுத்து, கூலி கொடுக்காத சங்கங்கள் இதில் குழம்பிப்போகின்றன. ஆகவே எழுதிக்கொள்வதே நலம்.

ஆனால் 57-ஆம் பிரிவு தரும் தார்மீக உரிமை எந்நிலையிலும் ஓவியரோடே இருக்கும். தம் பெயரைக் குறிப்பிடச் சொல்வதற்கும், தம் மதிப்புக்கு ஊறு வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. சுவரின் மூலையில் ஓவியரின் பெயரை எழுத மறுக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓவியரைக் கேட்காமலே அழிச்சுட்டாங்க. கேஸ் போட்டா நிக்குமா?

நிற்க வாய்ப்புண்டு, உறுதி சொல்ல முடியாது. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காக உருவாக்கிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் கழற்றப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடம் ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. சிதைப்பது மட்டுமின்றி அழிப்பதும் 57-ஆம் பிரிவை மீறுவதாகும் என்ற பார்வை அதில் இருந்தது. ஆனால் 2017-இல் இடிக்கப்பட்ட பிரகதி மைதான அரங்கம் தொடர்பாக அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கில், 2019-இல் அதே நீதிமன்றம் நில உரிமையாளரின் உரிமைக்கே முதலிடம் கொடுத்தது. சுவரோவியம் இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே நிற்கிறது. கட்டடத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் உரிமையாளர் தரப்பும் இரண்டாவது தீர்ப்பைக் காட்டி வாதிடலாம்.

அமெரிக்காவில் காட்சிக் கலைஞர்களின் உரிமைகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்து ஓவியங்களை உரிமையாளர் 2013-இல் முறையான முன்னறிவிப்பின்றி வெள்ளையடித்தார். 2018-இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்தால் அவர் அந்தத் தொகையைக் கட்ட நேர்ந்திருக்காது. மேலே சொன்ன கடிதத்தில் முன்னறிவிப்பு நாட்களைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு துணிக்கடை எங்க சுவர் முன்னாடி மாடலை நிக்க வெச்சு விளம்பரம் எடுத்துட்டுப் போச்சு. பொது இடம்னா யார் வேணா எடுக்கலாமா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தையும் கட்டடத்தையும் நிழற்படம் எடுத்து வெளியிட விலக்கு அளிக்கிறது. அந்த வரிசையில் ஓவியம் சொல்லப்படவில்லை. திரைப்படத்தில் காட்டுவதற்கு மட்டும் தனி விலக்கு இருக்கிறது. ஆகவே வணிக விளம்பரத்துக்கு ஓவியத்தின் நிழற்படத்தைப் பயன்படுத்துவோர் பதிப்புரிமை உடையவரின் இசைவைப் பெறுவதே முறை. அவர் யார் என்பது, படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதிலைப் பொறுத்தது. வழிப்போக்கர் கைப்பேசியில் எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை, தடுக்கவும் கூடாது.

கட்டடத்தையே இடிக்கப் போறாங்க. படத்தை மட்டும் காப்பாத்த வழி இருக்கா?

சுவரில் நேரடியாகப் பூசிய அக்ரிலிக் ஓவியத்தைப் பெயர்த்தெடுப்பது மிகவும் கடினம், செலவும் பெரிது; தஞ்சையில் செய்தது வல்லுநர்கள் பொறுமையாகச் செய்த வேலை. ஃபிலடெல்ஃபியாவில் 1984-இல் தொடங்கிய சுவரோவிய இயக்கம் பல படங்களைப் பாராசூட் துணியில் பகுதி பகுதியாக வரைந்து பிறகு சுவரில் ஒட்டுகிறது. துணியில் வரையும்போது முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சாரம் ஏறாமலே பங்கேற்க முடியும் என்பது அதன் பெரிய நன்மை. பழைய வாரியக் குடியிருப்புகள் இடித்துக் கட்டப்பட்டுவரும் நம் நகரத்தில், ஆயுள் முடியும் நிலையிலுள்ள கட்டடங்களுக்கு இந்த முறையைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்கலாம்.

அது முடியாதபோது ஆவணப்படுத்துங்கள். நேர்முகமாகச் சீரான வெளிச்சத்தில் எடுத்த நிழற்படங்கள், முதல் வரைவு, வண்ண நிறுவனத்தின் நிற எண்கள், ஓவியரின் குறிப்பு, வரைய உதவியவர்களின் பெயர்கள், அந்தத் தெருக்காரர்கள் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னவை ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, ஒரு படி ஓவியரிடமும் ஒரு படி சங்கத்திடமும் ஒரு படி அருகிலுள்ள நூலகத்திலும் இருக்கட்டும். நிற எண்கள் இருந்தால் அதே படத்தைப் புதிய கட்டடத்தில் அதே ஓவியர் மீண்டும் வரைய முடியும். இடிப்பு அறிவிப்பு வந்தபின் இதைத் தேடினால் டப்பாக்கள் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே வேலை முடிந்த வாரத்திலேயே அவற்றின் மேலிருக்கும் எண்களைக் குறித்துவிடுங்கள்.